குழியைப் பார்த்தாச்சு, அப்புறம்?

எங்க ஊர்த் தமிழ்ச் சங்க வாட்ஸ்அப் குழுவில் போன வாரம் ஒரு வீடியோ சுற்றியது. ஓடுகிற காரின் முன் கண்ணாடியில் ஒரு கேமரா. திரையில் ரோடு முழுக்கப் பச்சை வண்ணம் பூசிக்கொண்டே போகிறது. குழி வந்தால் அதைச் சுற்றி ஒரு சிவப்புக் கட்டம், மேலே ஒரு எண். அடியில் யாரோ எழுதியிருந்தார்கள்: "ஏ.ஐ. வந்தாச்சு, இனிமே இந்தியாவில் குழியே இருக்காது!" வரிசையாகக் கைதட்டல் பொம்மைகள். நானும் வழக்கமாக ஒரு கட்டைவிரலைத் தட்டிவிட்டு நகர்கிற ஆள்தான். இந்தத் தடவை முடியவில்லை. குழுவில் சண்டை போட வேண்டாம் என்று தங்கமணி சொன்னதால் இங்கே வந்து எழுதுகிறேன். கொஞ்சம் நீளம்தான், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் இருப்பது மகாராஷ்டிராவில் ஒரு நடுத்தர ஊர். ஊர்ப் பெயர் வேண்டாம். நான் வங்கி அதிகாரி, ரிட்டயர் ஆக இன்னும் பதிமூணு வருஷம் இருக்கிறது, பெண் இன்னும் காலேஜ் போகவில்லை. புரியும் என்று நினைக்கிறேன்.

2025 ஜூலை 12, சனிக்கிழமை. சாயங்காலம் ஏழு மணி இருக்கும், நல்ல மழை விட்டு தூறல். பெண்ணை டியூஷனில் இறக்கிவிட்டு ஸ்கூட்டரில் திரும்பிய தங்கமணி, மழைத்தண்ணி நிரம்பிய ஒரு குழியில் முன் சக்கரத்தை விட்டுவிட்டாள். தண்ணி நிரம்பினால் குழிக்கும் ரோட்டுக்கும் வித்தியாசமே தெரியாது, மேலே தெருவிளக்குதான் பளபளக்கும். இடது மணிக்கட்டு இரண்டு இடத்தில் முறிந்தது. பிளேட் வைத்து ஆறு ஸ்க்ரூ. பின்னால் வந்த டெம்போக்காரர் பிரேக் பிடித்தார். பிடிக்காமல் இருந்திருந்தால் நான் இன்றைக்கு எழுதுவது வேறு மாதிரியான பதிவாக இருந்திருக்கும்.

எங்கள் மேல் ஃப்ளாட்டில் திருச்சிக்காரக் குடும்பம். பையன் எம்.டெக். கடைசி வருஷம். அவனுடைய பிராஜெக்ட்டே இதுதான்: ஓடுகிற காரின் கேமராவை வைத்து ரோட்டின் மேல்பரப்பைக் கண்டுபிடிப்பது. அப்பாவின் காரில் ஒரு போனை மாட்டிக்கொண்டு ஏப்ரலிலிருந்து ஊரைச் சுற்றிக்கொண்டிருந்தான். ஆஸ்பத்திரிக்கு ஆரஞ்சுப் பழத்தோடு வந்தவன், எந்த இடம் என்று கேட்டான். சொன்னேன். முகம் மாறிவிட்டது. மறுநாள் லேப்டாப்பை எடுத்து வந்தான். "அங்கிள், இதைப் பாருங்க."

ஜூன் 19-ஆம் தேதி எடுத்த படம். அதே திருப்பம், அதே மருந்துக்கடை போர்டு, அதே குழி. சுற்றிச் சிவப்புக் கட்டம். மேலே 0.83. அதாவது 'இது குழி' என்று அந்தப் புரோக்ராம் சொல்லும்போது அதற்கு இருந்த நம்பிக்கை. அன்றைக்கே அவன் அந்தப் படத்தை, அட்சரேகை தீர்க்கரேகையோடு, ஊர் நிர்வாகத்தின் புகார் செயலியில் ஏற்றியிருக்கிறான். ஜூன் 27-ஆம் தேதி பதில்: "புகார் தீர்க்கப்பட்டது." யார் தீர்த்தார்கள், எப்படித் தீர்த்தார்கள் என்று ஒரு வார்த்தை இல்லை. பெட்டி பச்சையாகிவிட்டது, அவ்வளவுதான். அதற்குப் பதினைந்து நாள் கழித்து தங்கமணி அதே குழியில் விழுந்தாள்.

கேமரா பார்த்தது. சரியாகவே பார்த்தது. இருபத்திமூன்று நாள் முன்னாலேயே பார்த்தது. வாட்ஸ்அப்பில் கைதட்டுகிற நண்பர்களிடம் எனக்கு இருக்கிற கேள்வி இது ஒன்றுதான்: அப்புறம்?

தொழில்நுட்பத்தைத் திட்டுகிறேன் என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். பி.காம். படித்தவன் நான், ஆனால் அந்தப் பையன் ரெண்டு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து விளக்கியதில் கொஞ்சம் பிடிபட்டது. நியாயமாகப் பார்த்தால் இது பெரிய சாதனை.

நம் கண்ணுக்கு ரோடு தெரிகிறது. கேமராவுக்குத் தெரிவது வெறும் எண்கள், ஒவ்வொரு புள்ளிக்கும் சிவப்பு, பச்சை, நீலம் எவ்வளவு என்ற கணக்கு. அந்த எண்களில் எது ரோடு? முதலில் நிறத்தை வைத்துப் பார்த்தார்கள். சாம்பல் நிறம் எல்லாம் ரோடு என்றால், மர நிழல் விழுந்த இடம் ரோடு இல்லாமல் போகும், சிமெண்ட் சுவர் ரோடாகிவிடும். பிறகு ரோட்டின் இரண்டு ஓரமும் தூரத்தில் ஒரு புள்ளியில் சேர்வதை வைத்துப் பார்த்தார்கள். ஓரமே இல்லாத ரோட்டில் அது எப்படி நடக்கும்?

2004-ல் அமெரிக்க ராணுவத்தின் ஆராய்ச்சி அமைப்பான தார்ப்பா, பாலைவனத்தில் ஆளில்லா வண்டிகளுக்குப் போட்டி வைத்தது. ஒரு வண்டியும் முடிக்கவில்லை. அதிக தூரம் போனதே 12 கிலோமீட்டர்தான். மறு வருஷம், 2005-ல், ஸ்டான்ஃபோர்டின் 'ஸ்டான்லி' என்ற வண்டி சுமார் 212 கிலோமீட்டரை ஏழு மணி நேரத்துக்குள் முடித்து ஜெயித்தது. அதில் ஒரு உத்தி எனக்கு ரொம்பப் பிடித்தது. வண்டிக்குப் பக்கத்தில் உள்ள தரை சமதளமா என்று லேசர் அளந்து சொல்லும். அந்தச் சமதளத்தின் நிறம் என்ன என்று கேமரா கற்றுக்கொள்ளும். பிறகு லேசர் எட்டாத தூரத்தில் அதே நிறம் எங்கே இருக்கிறதோ அதையும் ரோடு என்று எடுத்துக்கொள்ளும். நிழல் வந்தால், மண் மாறினால், மறுபடி கற்றுக்கொள்ளும். அறிமுகமான கஸ்டமரை வைத்து அறிமுகமில்லாத கஸ்டமரை எடை போடுகிற பழைய மேனேஜர் புத்தி :-)

இப்போது அதெல்லாம் தாண்டிவிட்டது. ஆயிரக்கணக்கான படங்களில் மனிதர்கள் உட்கார்ந்து ஒவ்வொரு புள்ளிக்கும் 'ரோடு', 'நடைபாதை', 'மாடு' என்று பெயர் எழுதிக் கொடுக்கிறார்கள், மெஷின் அதிலிருந்து கற்றுக்கொள்கிறது. 2016-ல் வந்த சிட்டிஸ்கேப்ஸ் என்ற தொகுப்பில் 50 நகரங்கள், பெரும்பாலும் ஜெர்மனி. ஓரக்கல், கோடு, நடைபாதை எல்லாம் துடைத்து வைத்த மாதிரி. அதில் படித்த மெஷினை நம் ஊருக்குக் கொண்டுவந்தால் முழிக்கும். அதனால் 2018-ல் ஹைதராபாத் ஐ.ஐ.ஐ.டி.க்காரர்கள் ஹைதராபாத், பெங்களூர் பக்கம் காரை ஓட்டி ஒரு இந்தியத் தொகுப்பு போட்டார்கள். பத்தாயிரத்துக்கும் கொஞ்சம் மேலே படங்கள், 34 வகைப் பெயர்கள். ஆட்டோவுக்குத் தனிப் பெயர் உண்டு. அதைவிட முக்கியம், ரோடும் இல்லாமல் நடைபாதையும் இல்லாமல், ஆனால் வண்டி இறங்கி ஓடக்கூடிய ஓரத்து மண்ணுக்கு என்றே ஒரு தனி வகை வைத்தார்கள். ஜெர்மன்காரனுக்கு அது தேவையே படவில்லை. நமக்கு அதுதான் வாழ்க்கை. அந்த மண்ணில்தான் நம் பிள்ளைகள் ஸ்கூலுக்கு நடக்கிறார்கள், அதில்தான் கொய்யாப்பழ வண்டி நிற்கிறது, பஸ் ஹாரன் அடித்தால் அதில்தான் ஸ்கூட்டர் இறங்குகிறது. இதைப் பார்த்து ஒரு பெயர் வைத்தவர்களுக்கு என் வணக்கம்.

விரிசல், குழி மட்டும் கண்டுபிடிக்கிற வேலையும் தனியாக நடக்கிறது. டோக்கியோ பல்கலைக்கழகத்தில் 2018-ல் காருக்குள் போனை மாட்டி எடுத்த 9,053 படங்களில் ஆரம்பித்தார்கள். 2022-ல் அது இந்தியா உட்பட ஆறு நாடுகள், 47,420 படங்கள் என்று வளர்ந்தது. ஆகவே 'நம்ம ரோடு மெஷினுக்குப் புரியாது' என்கிற பழைய சாக்கும் போச்சு.

தப்பு பண்ணாதா? பண்ணும். ஒற்றைக் கேமராவுக்கு ஆழம் தெரியாது. புதுசாகப் போட்ட தார் ஒட்டும் கறுப்பு, குழியும் கறுப்பு. தூரத்தில் உள்ள குழி படத்தில் ஒரு மெல்லிய கோடுதான், நாற்பது கிலோமீட்டர் வேகத்தில் வண்டி நொடிக்குப் பதினோரு மீட்டர் போய்விடுகிறது. தண்ணி தேங்கினால் குழிக்குப் பதில் வானம் தெரியும். மழைக்காலத்தில், அதாவது நமக்கு எப்போது அவசியமோ அப்போது, கேமராவுக்குக் கண் மங்கல். தங்கமணிக்கும் அன்று அதேதான் நடந்தது, பாவம். ஆனால் இதையெல்லாம் ஒருநாள் சரி பண்ணிவிடுவார்கள். நான் கவலைப்படுவது அதைப் பற்றி இல்லை.

என் தொழிலில் இருந்து ஒன்று சொல்கிறேன். வாராக்கடன், என்.பி.ஏ. தொண்ணூறு நாள் வட்டியோ தவணையோ வரவில்லை என்றால் அந்தக் கடன் வாராக்கடன். விதி ரொம்ப வருஷமாக இருக்கிறது. ஆனால் பழைய காலத்தில் அதை மேனேஜர் கையால் குறிக்க வேண்டும். எந்த மேனேஜர் தன் கிளையில் குறிப்பார்? பார்ட்டியைக் கூப்பிட்டு, எண்பத்தொன்பதாவது நாள் புதுசாக ஒரு கடன் கொடுத்து, அதில் பழைய வட்டியைக் கட்டவைத்து... சரி, நம் குடும்ப ரகசியம் போதும். 2015-ல் ரிசர்வ் வங்கி எல்லா வங்கியின் கடன் தரத்தையும் தானே தோண்டிப் பார்த்தபோது நாறியது ஊருக்கே தெரியும். 2020 செப்டம்பரில் ரிசர்வ் வங்கி ஒரு சுற்றறிக்கை போட்டது: இனி கம்ப்யூட்டரே குறிக்கும், மனிதக் கை படக்கூடாது, 2021 ஜூன் 30-க்குள் முடிக்க வேண்டும்.

கவனியுங்கள். கம்ப்யூட்டர் குறித்ததால் மட்டும் அது வேலை செய்யவில்லை. குறித்த அந்த ராத்திரியே ஒரு கடிகாரம் ஓட ஆரம்பிக்கிறது. அந்தக் கடன் மேல் வட்டியை வருமானமாகக் காட்ட முடியாது. ஈடு உள்ள கடனாக இருந்தாலும் லாபத்திலிருந்து பதினைந்து சதவீதம் எடுத்து ஒதுக்க வேண்டும். ஒரு வருஷம் தாண்டினால் இன்னும் அதிகம். மேனேஜருக்கு வலிக்கும், ஜோனல் ஆபீஸுக்கு வலிக்கும், சேர்மனுக்கும் வலிக்கும். அதனால்தான் வசூலுக்கு ஆள் ஓடுகிறது.

குழியைக் கேமரா குறித்தால் யாருக்கு வலிக்கிறது? விழுந்தவளுக்கு மட்டும்தான்.

சட்டம் இல்லையா என்றால், இருக்கிறது. 2019-ல் திருத்திய மோட்டார் வாகனச் சட்டத்தில் 198ஏ என்று ஒரு பிரிவு. சாலையை வடிவமைத்தவர், போட்டவர், பராமரிப்பவர் தரத்தை மீறி அதனால் ஒருவர் செத்தாலோ ஊனமானாலோ அபராதம். எவ்வளவு தெரியுமா? அதிகபட்சம் ஒரு லட்சம் ரூபாய். ஒரு ஸ்கூட்டர் விலை.

எண்ணிக்கையைப் பாருங்கள். குழியால் 2013 முதல் 2017 வரை 14,926 பேர் இறந்திருக்கிறார்கள் என்பதைக் கேட்டு, 2018 டிசம்பரில் உச்ச நீதிமன்றமே இது ஏற்க முடியாதது என்றது. 2022-க்கான மத்திய அரசு அறிக்கையில் குழி விபத்துச் சாவு 1,856. இது குறைவான கணக்கு என்று நான் அடித்துச் சொல்வேன். ஏனென்றால் என் மேசைக்கு வரும் கோப்புகள் எனக்குத் தெரியும். வருஷத்துக்கு இருபது ரூபாய் பிரீமியம் கட்டுகிற பிரதமர் சுரக்ஷா பீமா திட்டத்தில் விபத்துச் சாவுக்கு இரண்டு லட்சம். அந்த கிளெய்ம் ஃபாரங்களோடு எஃப்.ஐ.ஆர். நகல் வரும். பைக்கில் தனியாகப் போய் விழுந்து செத்தவன் எஃப்.ஐ.ஆரில் பாதிக்கு மேல் நான் பார்த்தது ஒரே வாசகம்: வேகமாகவும் அஜாக்கிரதையாகவும் ஓட்டியதால். செத்தவனே குற்றவாளி. ரோட்டுக்கு அங்கே பெயரே கிடையாது. போன வருஷம் ஒரு பெண்மணி, புருஷனைப் பறிகொடுத்தவர், கவுண்டரில் நின்று மராத்தியில் கேட்டார்: "அவர் இருபது கிலோமீட்டருக்கு மேல் ஓட்டமாட்டாரே சாகேப், இதை மாற்ற முடியாதா?" என்னால் கிளெய்மைத்தான் அனுப்ப முடிந்தது.

இந்த இடத்தில்தான் காரின் கேமராவுக்கு உண்மையான மதிப்பு இருக்கிறது என்று நினைக்கிறேன். தேதி போட்ட படம் ஒன்று இருந்தால், குழி செத்தவனுக்கு முன்னால் அங்கே இருந்தது என்று சொல்ல ஒரு சாட்சி. ஆனால் அந்தப் படம் யார் கையில் இருக்கிறது? தேசிய நெடுஞ்சாலை ஆணையம் 2025 நவம்பரில் அறிவித்தது: லேசரும் கேமராவும் பொருத்திய சர்வே வண்டிகள் 23 மாநிலங்களில் 20,933 கிலோமீட்டர் அளக்கும் என்று. நல்லது. ஆனால் நாட்டில் மொத்த சாலை சுமார் 63 லட்சம் கிலோமீட்டர், அதில் தேசிய நெடுஞ்சாலை ஒன்றரை லட்சத்துக்கும் கொஞ்சம் குறைவு. நாம் காய்கறி வாங்கப் போகிற தெருவுக்கு அந்த வண்டி வராது.

'எல்லார் காரிலும் கேமரா வந்தால் தானாகத் தெரியும்' என்பார்கள். பாஸ்டனில் 2012-ல் ஸ்ட்ரீட் பம்ப் என்று ஒரு செயலி விட்டார்கள். காரில் போனை வைத்தால் குலுங்குகிற இடத்தைத் தானே நகராட்சிக்குச் சொல்லும். கடைசியில் வந்த விமர்சனம் என்ன? ஸ்மார்ட்போனும் காரும் உள்ளவர்கள் போகிற தெருக்குழி மட்டும் தெரியும், ஏழை, வயசானவர் பேட்டைக் குழி கணக்கிலேயே வராது. பாஸ்டனிலேயே அப்படி என்றால், எங்கள் ஊரில் செங்கல் சூளைப் பக்கம் எந்த டேஷ்கேம் கார் போகிறது? நாளைக்கு 'டேட்டா படி அங்கே குழி இல்லை' என்று ஒரு பவர்பாயிண்ட் வரும். நான் இப்போதே சொல்லி வைக்கிறேன்.

இன்னொரு விஷயம். இதைச் சொல்லாமல் விட்டால் எனக்குத் தூக்கம் வராது. ரோடு காண்ட்ராக்டர் வேலை எடுக்கும்போது வங்கியிடமிருந்து பேங்க் கியாரண்டி வாங்கிக் கொடுக்கிறார். குறைபாடு வந்தால் திருத்த வேண்டிய காலம் என்று ஒப்பந்தத்தில் சில வருஷம் இருக்கும். கிராமச் சாலைத் திட்டத்தில் ஐந்து வருஷம். அந்தக் காலத்துக்குள் ரோடு பெயர்ந்து, காண்ட்ராக்டர் சரி பண்ணவில்லை என்றால், துறை எங்களுக்கு ஒரு கடிதம் எழுதினால் போதும், மறுபேச்சில்லாமல் பணம் கொடுத்தாக வேண்டும். ஆனால் ஒவ்வொரு கியாரண்டியின் கடைசியிலும் 'மேலே என்ன சொல்லியிருந்தாலும்' என்று ஆரம்பிக்கிற ஒரு பத்தி இருக்கும். இன்ன தேதிக்குள் எழுத்தில் கேட்கவில்லை என்றால் எங்கள் பொறுப்பு தீர்ந்தது. அத்தோடு சரி. இருபத்திரண்டு வருஷ சர்வீஸ், ஐந்து கிளைகள், எத்தனையோ ரோடு கியாரண்டிகள் என் கையெழுத்தில் போயிருக்கின்றன. பணம் கேட்டு வந்த கடிதம் ஒன்றே ஒன்று. மற்றதெல்லாம் தேதி முடிந்து, அசல் பத்திரம் மடிப்புக் கலையாமல், 'ரத்து செய்யவும்' என்று காண்ட்ராக்டர் கையிலேயே திரும்பி வந்தது. அதே ரோட்டில்தான் நான் குலுங்கிக்கொண்டே ஆபீஸ் போனேன்.

நான் கேட்பது பெரிய விஞ்ஞானம் இல்லை. ஒவ்வொரு ரோட்டுக்கும் மூன்று தேதியைப் பக்கத்துப் பக்கத்தில் வெளியே போடுங்கள். ரோடு போட்டு முடித்த தேதி, கேமரா குழியைப் பார்த்த தேதி, கியாரண்டி முடிகிற தேதி. இரண்டாவது தேதி மூன்றாவதற்கு முன்னால் இருந்தும் வங்கிக்குக் கடிதம் போகவில்லை என்றால், போடாத அதிகாரி யார் என்று கேட்க ஒரு பி.காம். கூட வேண்டாம், கூட்டல் கழித்தல் தெரிந்தால் போதும். அப்புறம் புகாரை மூடுகிறவர், மூடும்போது அதே இடத்தில் அதே கோணத்தில் ஒரு படம் ஏற்ற வேண்டும். கேமராவே அதையும் பார்த்துச் சொல்லட்டும், குழி போய்விட்டதா என்று. குழியைக் கண்டுபிடிக்கிற மெஷினுக்குக் குழி இல்லாததையும் கண்டுபிடிக்கத் தெரியும்தானே?

2025 அக்டோபரில் பம்பாய் உயர் நீதிமன்றம் கொடுத்த உத்தரவு கொஞ்சம் தெம்பு தந்தது. குழியால் செத்தால் குடும்பத்துக்கு ஆறு லட்சம், காயத்துக்கு ஐம்பதாயிரம் முதல் இரண்டரை லட்சம் வரை, பொறுப்பானவர்களிடமிருந்து அதை வசூலிக்கலாம். கவனத்துக்கு வந்த குழியை 48 மணி நேரத்துக்குள் பார்க்காவிட்டால் அது கடும் அலட்சியம். 'கவனத்துக்கு வந்த' என்ற வார்த்தையில்தான் கேமராவுக்கு வேலை இருக்கிறது. இங்கே மகாராஷ்டிராவில் இருக்கிற நம் குடும்பங்கள் இதைத் தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள். காரில் டேஷ்கேம் இருந்தால் பதிவை அழிக்காமல் வையுங்கள். மொழி தெரியாத ஊரில் நமக்கு எதுக்கு வம்பு என்று வாயை மூடிக்கொள்கிற பழக்கம் நம்மிடம் ஜாஸ்தி. எனக்கும் இருந்தது. வரி மட்டும் மொழி பார்க்காமல்தான் பிடிக்கிறார்கள்.

'ஊருக்குத் திரும்பிப் போனால் அங்கே மட்டும் தேனும் பாலுமா ஓடுகிறது?' என்று என் மச்சினர் கேட்டார். ஓடவில்லை. பொங்கலுக்குக் கோவில்பட்டி போனபோது அங்கேயும் பார்த்தேன். அதனால்தான் இது மராட்டியன், தமிழன் சண்டை இல்லை என்று சொல்கிறேன்.

தங்கமணி இப்போது மறுபடி ஸ்கூட்டர் எடுக்கிறாள். தண்ணி தேங்கிய இடம் எது வந்தாலும் இறங்கித் தள்ளிக்கொண்டு போகிறாள், பின்னால் யார் ஹாரன் அடித்தாலும் சரி. மேல் ஃப்ளாட் பையன் பிராஜெக்ட்டை முடித்து பெங்களூரில் வேலைக்குச் சேர்ந்துவிட்டான். போகும்போது அந்த ஜூன் 19 படத்தைப் பென் டிரைவில் போட்டு, "ஆன்ட்டிகிட்ட சாரி சொல்லுங்க அங்கிள்" என்றான். அவன் எதற்கு சாரி சொல்ல வேண்டும்!

தகவல் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய் கட்டி மனு போட்டிருக்கிறேன். அந்த ரோடு எப்போது போட்டது, காண்ட்ராக்டரின் பொறுப்புக் காலம் எதுவரை, கியாரண்டி கொடுத்த வங்கி எது, என்றைக்கு முடிகிறது, ஜூன் 27-ஆம் தேதி புகாரை மூடியபோது அங்கே என்ன வேலை நடந்தது. முப்பது நாள் கெடு. வங்கி எங்கள் வங்கியாகவே இருந்துவிட்டால் என்ன செய்வது என்று தங்கமணி கேட்கிறாள். பதில் வந்ததும் எழுதுகிறேன்.